பச்சை ஒயர்

திண்டுக்கல் பக்கம் ஓர் ஊரில் பூரணி என்றொரு தியான ஆசிரியை இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் வந்தவர்களில் மூத்தவர் சிவக்கொழுந்து, நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையை அவர் அம்மா என்பார். ஆசிரியை அவரை ஐயா என்பார்.

அவரவர் வேலையை அவரவரே செய்ய வேண்டும் என்று பூரணி சொல்வதுண்டு. தியானக் கூடத்தைப் பெருக்குவதும் அவரேதான். சிவக்கொழுந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் ஆளைக் கூப்பிடுவதில்லை. ஐப்பசியில் குளியலறைக்குப் புது ஹீட்டர் வாங்கி, ஒயர் இழுத்ததும் அவரே. விஷயம் தெரிந்து வெளியூரிலிருந்த மகள் போனில் சண்டை போட்டாள்.

மறுநாள் அவர் ஆசிரியையிடம் கேட்டார்.

"சொந்த வீட்டு கரண்ட் வேலையை நானே செஞ்சா தப்பாம்மா?"

"செஞ்சதைக் காட்டுங்களேன், பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பூரணி வந்தார். நல்ல மழை. கணுக்கால் வரை சேறு. சிவக்கொழுந்து அவரை நேராகக் குளியலறைக்கே கூட்டிப்போய், சுவிட்சைப் போட்டு விளக்கத் தொடங்கினார்.

"ரெண்டு ஒயர் சரியா உக்காந்துருச்சு. இந்தப் பச்சை ஒயரை எங்க சேக்கணும்னுதான் தெரியல. மடிச்சு டேப் சுத்திட்டேன். அது இல்லாமலே தண்ணி நல்லா சுடுது."

"எனக்கு ஒயரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. காலைக் கழுவிக்கறேன்."

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, பூரணி ஹீட்டர் குழாய்க்குக் கை நீட்டினார்.

"அம்மா, தொடாதீங்க!"

தன் குரல் சிவக்கொழுந்துக்கே அந்நியமாக இருந்தது. எட்டி சுவிட்சை அணைத்தார்.

"ஏன் ஐயா?"

"இல்ல... ஈரத்துல நிக்கறீங்க. டெஸ்டர் வெச்சு ஒரு தடவை பாத்துட்டு..."

துண்டோடு வந்த அவர் மனைவி மரகதவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்குங்க தடுக்கறீங்க? நான் தினமும் இதுலதானே குளிக்கறேன்?"

சிவக்கொழுந்து மனைவியைப் பார்த்தார். மரகதவல்லி காலையில் தலைக்குக் குளித்திருந்தார். முடி இன்னும் காயவில்லை. நுனியில் முடிச்சுப் போட்டிருந்தார்.

சிவக்கொழுந்து கூடத்துக்குப் போய் மெயினை இறக்கினார். ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல நின்றது. தெருமுனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார். பச்சை ஒயர்தான் எர்த், ஷாக் அடிக்காமல் காப்பது அதுதான், யாரும் தொட வேண்டாம், மழை விட்டதும் வருகிறேன் என்று அவர் சொன்னார்.

பூரணி வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மரகதவல்லி காபி போட உள்ளே போனார். சிவக்கொழுந்து எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியேம்மா. தப்பா?"

"எனக்காகப் பயந்த மாதிரி அவங்களுக்காகவும் பயந்திருந்தா, என்கிட்ட கேட்டிருப்பீங்களா ஐயா?"