வழிச்செலவுக்குச் சேர்த்த நெல்

கோரைப்புல் மண்டிய பெரிய ஏரி அது. குளிர்காலம் வந்தால் வடக்கே இருந்து, மலைகளைத் தாண்டி ஒரு வாத்துக் கூட்டம் அங்கே வந்து இறங்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் மறுபடி வடக்கே பறந்துவிடும். முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் அந்த வடக்கேதான்.

அந்தக் கூட்டத்தில் தவமணி என்று ஓர் ஆண் வாத்து. அவன் மனைவி பெயர் மரகதம். இந்த வருஷம் ஏரிக்கு வரும் வழியில் தவமணியின் கூடப்பிறந்த அண்ணன், பசியில் சோர்ந்து மலை நடுவில் விழுந்துவிட்டான். கண்ணால் பார்த்தவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

"திரும்பிப் போகும்போது நமக்கும் அந்தக் கதி வந்துட்டா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"வராதுங்க. இங்கே நல்லாச் சாப்பிட்டுத் தெம்பா இருந்தாப் போதும்."

"சாப்பிட்டா தீந்து போயிடுமே மரகதம்! சேர்த்து வெச்சாத்தானே மிஞ்சும்!"

அன்றே ஆரம்பித்துவிட்டான். அறுப்பு முடிந்த வயலுக்குப் பறப்பான். சிந்திக் கிடக்கும் நெல்லை அலகில் அள்ளுவான். ஏரிக்கரைக்கு வந்து ஒரு நண்டின் வளையில் கொட்டுவான். மறுபடி வயலுக்குப் பறப்பான்.

அந்த நண்டை ஏரியில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வளை நல்ல ஆழம். மழை புகாது, எலி புகாது.

"பத்திரமா இருக்குமா அண்ணாச்சி?" என்று தவமணி தினமும் கேட்பான்.

"என் உசுர் இருக்கிற வரைக்கும் ஒரு மணி குறையாது தம்பி! ஆனா, இது போதுமா? மலையிலே பனி கொட்டினா என்ன பண்ணுவே?"

அவ்வளவுதான். தவமணி உடனே வயலைப் பார்த்துத் திரும்புவான். இன்னும் நாலு நடை கூடுதலாக ஓடுவான்.

மற்ற வாத்துகள் தின்றன, தண்ணீரில் மிதந்தபடியே தூங்கின, எழுந்து மறுபடி தின்றன. தவமணியோ வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி நெல் சேர்த்தான். அலகு நிறைய நெல் இருக்கும், தொண்டைக்குள் ஒன்று இறங்காது. இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

"என்னங்க, முதுகெலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது. ஒரு வாய் முழுங்குங்க!" என்று மரகதம் கெஞ்சினாள்.

"எனக்கு இப்போ நேரமில்லை."

"கொஞ்சம் கண்ணையாவது மூடுங்க!"

"ஊருக்குப் போய்த் தூங்கிக்கலாம். யாருக்காக ஓடுறேன்? உனக்காகவும் பொறக்கப் போற குஞ்சுகளுக்காகவும்தானே!"

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் மரகதத்துக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது. சில நாட்களாக அவன் வயலுக்குப் பறந்து போவதில்லை, நடந்துதான் போகிறான் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

வெயில் ஏறியது. ஏரியில் தண்ணீர் உள்வாங்கியது. ஒரு காலையில் தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. கூட்டத்தின் தலைவி கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

"புறப்படுங்க! இந்தக் காத்தை விட்டா மலையைத் தாண்ட முடியாது!"

தவமணி விழுந்தடித்துக்கொண்டு நண்டு வளைக்கு ஓடினான்.

"அண்ணாச்சி! நெல்லைக் குடுங்க! சீக்கிரம்!"

"தாராளமா எடுத்துக்கோ தம்பி! எல்லாம் அப்படியே இருக்கு!"

நண்டு பொய் சொல்லவில்லை. வளை வாய்வரைக்கும் நெல். தவமணி ஆசையாக அலகு நிறைய அள்ளினான். மிச்சத்தைப் பார்த்தான். காலால் வாரிப் பார்த்தான். இறக்கைக்குள் இடுக்கிப் பார்த்தான். எல்லாம் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணாச்சி... இதை எப்படி எடுத்துட்டுப் போறது?"

"அதை நீதானே தம்பி யோசிச்சிருக்கணும்?"

"முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா? பத்திரமா இருக்குமான்னுதானே தினமும் கேட்டே! பத்திரமா இருக்கு. நீ விட்டுட்டுப் போனாலும் பத்திரமாத்தான் இருக்கும். கோடை முழுக்க நான் பாத்துக்கறேன்" என்றது நண்டு. அதன் கண்கள் நெல்லைவிட்டு நகரவில்லை.

தலைக்கு மேலே கூட்டம் எழும்பிவிட்டது. தவமணி நெல்லைத் துப்பிவிட்டு இறக்கையை அடித்தான். ஒரு பனைமரத்து உயரம் போனான். மூச்சு வாங்கியது. இறக்கை ஓய்ந்தது. பொத்தென்று சேற்றில் விழுந்தான். மறுபடி எழும்பினான். இந்தத் தடவை பாதிப் பனைகூடத் தாண்டவில்லை.

மரகதம் அலறிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"ஐயோ! உடம்பிலே ஒண்ணுமே இல்லையே உங்களுக்கு!"

"நீ போ மரகதம்."

"உங்களை விட்டுட்டா?"

"முட்டையை இங்கே இட முடியாது. இந்த வெயில்லே ஒண்ணும் பொரியாது. போ! நான் ரெண்டு நாள் நல்லாத் தின்னுட்டுப் பின்னாலேயே வந்துடறேன்."

தனி வாத்து மலையைத் தாண்டியதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். மரகதம் அவன் கழுத்தில் ஒரு தடவை தன் கழுத்தைத் தேய்த்தாள். பிறகு எழும்பினாள். அவள் குரல் ரொம்ப நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் ஓய்ந்தது.

தவமணி நெல்லின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு மணியை எடுத்து விழுங்கினான். பிறகு இன்னொன்று.

இப்போதும் அவன் தின்றுகொண்டிருக்கிறான். தினமும் காலையில் இறக்கையை விரித்துப் பார்க்கிறான். தினமும் ஏரி கொஞ்சம் வற்றுகிறது. அவன் உடம்பு தேறுவது முந்துமா, தண்ணீர் தீர்வது முந்துமா, சொல்லுகிற எனக்கே தெரியவில்லை.

நாளைக்கென்று ஓடி ஓடிச் சேர்ப்பவர்களே, அந்த நாளைக்குப் போய்ச் சேர வேண்டியது உங்கள் உடம்புதான், முதல் பிடியை அதற்குக் கொடுங்கள்.