கழுத்து வரைக்கும் ராணி

சிங்கமங்கலம் ராஜா கஜேந்திர பூபதிக்கு முன்பெல்லாம் வேட்டைப் பைத்தியம். காட்டு மிருகங்களின் நல்ல காலம், சென்னைப் பட்டணத்திலிருந்து அரண்மனைக்கு ஒரு கேமரா வந்து சேர்ந்தது. மூன்று கால் வைத்து அதை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, ராஜா படம் பிடிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து மான்கள் நிம்மதியாக மேய்ந்தன. மனிதர்கள்தான் அசையாமல் வெயிலில் நின்றார்கள்.

ராஜா எடுத்த படங்களில் ஒரு விசேஷம் உண்டு. செருப்பு தெரியும். அங்கவஸ்திரத்தின் ஜரிகை தெரியும். கழுத்தோடு படம் முடிந்துவிடும். தளபதிக்குத் தலை இல்லை, புரோகிதருக்கு இல்லை. பட்டத்து யானைக்கும் வெறும் காலும் வயிறும்தான்.

இதை ராஜாவிடம் யாராவது சொல்ல வேண்டாமா? ஒருவர் சொன்னார். ஆஸ்தானப் பாடகர் சாம்பமூர்த்தி. "முகமும் விழுந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், மகாராஜா" என்றார், பாவம். அன்றோடு அவரை யானைக் கொட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யானைகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார். சபையாரைவிட அவை பொறுமையாகக் கேட்டன என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு சபையில் ஒரே பாராட்டு மழை. அதிலும் திவான் நரசப்பருடையது அடைமழை.

இப்படியிருக்க, பட்டணத்தில் புகைப்படக் கண்காட்சி நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. ராஜா தம் படங்களை அனுப்பத் தீர்மானித்தார். முதலாவது, ராணியின் படம். ராணி பதறிப்போய் ஆவுடையப்பரைக் கூப்பிட்டனுப்பினார். சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவர் அவர்.

"ஆவுடையப்பரே, சிங்கமங்கலத்து ராணி கழுத்து வரைக்கும்தான் என்று பட்டணத்து ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களே! நீர்தான் ஏதாவது செய்ய வேண்டும்."

"செய்கிறேன், மகாராணி. யானைகளுக்கு என் பேச்சு பிடிக்குமோ என்னவோ, அதுதான் யோசனையாக இருக்கிறது."

அன்று சாயங்காலம் ராஜா தோட்டத்தில் திவானைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பர் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு நிமிஷம் கறுப்புத் துணிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த கண்ணாடியில் திவான் தலைகீழாகத் தொங்கினார். ஆவுடையப்பருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மறுநாள் சபை கூடியது. திவானின் புதுப் படம் நடுவில் மாட்டியிருந்தது. ராஜா அலுத்துக்கொண்டார்.

"பாராட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பட்டணத்துக்கு அனுப்பும் முன் யாராவது குறை சொல்லுங்கள். நான் கற்றுக்கொள்ள வேண்டும்."

சபையே தரையைப் பார்த்தது. எல்லோர் காதிலும் யானை பிளிறியது.

"ஆவுடையப்பர் சொல்வார், மகாராஜா" என்றார் திவான் குஷியாக. போட்டிக்கு இருந்த ஒரே ஆளும் கொட்டாரத்துக்குப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"சொல்லும்" என்றார் ராஜா. "ஆனால் பொய் கூடாது. முகஸ்துதி கூடாது. என் மனமும் நோகக் கூடாது."

ஆவுடையப்பர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். "செருப்பு தத்ரூபம்! தையல்கூடத் தெரிகிறது. மகாராஜாவின் கை ஆடவே இல்லை. திவான் அவர்களே, இது யார்?"

"இதென்ன கேள்வி? நான்தான்! அச்சு அசலாக நானேதான்."

"நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஏதாவது குறைகிறதா?"

"ஒன்றுமே குறையவில்லை!"

ஆவுடையப்பர் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மகாராஜா, படத்தில் இருப்பவருக்குத் தலை இல்லை. திவானோ தம்மிடம் ஒன்றும் குறையவில்லை என்கிறார். குறை படத்திலா, திவானிடமா? மகாராஜாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். திவானுக்கு வியர்த்தது. "படத்தில்தான்... அதாவது... தலைப்பக்கம் கொஞ்சம்..." என்று இழுத்தார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

ராஜாவின் முகம் சிவந்தது. சிம்மாசனத்தை விட்டு எழுந்தே விட்டார்.

"ஓய்! சபை நடுவில் என்னைக் கேலி செய்கிறீரா? உம்முடைய தலையை எடுத்துவிடுவேன்!"

ஆவுடையப்பர் கூப்பிய கையை இறக்காமலே சொன்னார்.

"மகாராஜா, தங்களால் எடுக்க முடியாதது அது ஒன்றுதானே! அதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

ராஜா சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தளபதி, புரோகிதர், யானை, ராணி. அவருடைய மீசை துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, எடுக்க வழி சொல்லும்!"

"துணிக்குள் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது, மகாராஜா. தாங்கள் மேலே தாராளமாக இடம் விடுகிறீர்கள். அங்கே இருப்பது கால்; தலை இருப்பது கீழே. கீழேயும் கொஞ்சம் இடம் விட்டால் போதும்."

ராஜா உடனே ஆவுடையப்பரையே தோட்டத்துக்கு இழுத்துப்போய் நிற்கவைத்து எடுத்தார். சாம்பமூர்த்தியைத் திரும்ப அழைத்துவரவும் ஆள் போனது. படம் கழுவி வந்தது. உச்சிக்குடுமி முதல் கால் கட்டைவிரல் வரை முழு ஆவுடையப்பர்! ராஜா ஒரு தங்கக் கடகத்தை அவர் கையில் பூட்டி, படத்தை நீட்டினார்.

"இப்போது குறை சொல்லும், பார்ப்போம்!"

ஆவுடையப்பர் படத்தில் இருந்த தம் முகத்தை வெகு நேரம் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"மகாராஜா, என் மட்டிலாவது பழையபடியே எடுத்திருக்கலாம்."