நாலு எட்டு

ஞானதுரைக்கு ஐம்பத்து நாலு வயது. தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு வாங்கிக்கொண்டு, சுடரைப் படிக்கப் போகிறேன் என்று ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி நாச்சம்மை அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். இவர் "மேடம்" என்பார், அந்தம்மா "சார்" என்பார்.

அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. தன் கையைப் பற்றித்தான் கொஞ்சம் கர்வம். மணி அடித்த அரை நிமிஷத்தில் வண்டியைத் தெருவில் இறக்கிய கை அது.

அன்றைக்கு அந்தக் கைதான் காலை வாரியது.

எடுக்க வேண்டிய படம் இதுதான். எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைக்க வேண்டும். எழும்பும் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ அந்தப் புகை வழியாகவே கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். செகண்டுக்கு ஐயாயிரம் படம் எடுக்கிற காமிராவுக்குத்தான் அது அகப்படும். காமிரா ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் நின்று, கடைசி ஆறு செகண்டை மட்டும் பத்திரப்படுத்தும்.

ஞானதுரைக்கு இதெல்லாம் தெரியும். கைக்குத் தெரிய வேண்டுமே! குச்சி புகையைத் தொடும்போதே அவசரப்பட்டு அழுத்தித் தொலைத்துவிடும். ஒன்பது தடவை எடுத்தாயிற்று. ஒன்பதிலும் புகை, குச்சி, அதோடு சரி. தீ இறங்குமுன் காமிரா நின்றுபோயிருந்தது.

நாலு மணிக்கு வேறு துறைக்காரர்கள் காமிராவை எடுத்துப் போய்விடுவார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான். போதாததற்குப் பழைய நிலையத்திலிருந்து மூன்று பேர் சீருடையோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வந்து பாருங்கடா என்று பெருமையாகக் கூப்பிட்டது இவர்தான்.

"இந்தக் கையை என்ன பண்றது, மேடம்?" என்றார்.

நாச்சம்மை பொத்தானை வயரோடு எடுத்துப் போய், நாலு எட்டு தள்ளி ஜன்னலோரம் வைத்தார்.

"கொளுத்திட்டு, நடந்து போய் அழுத்துங்க."

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருமே?"

"முடியட்டும். ஆறு செகண்டு இருக்கு, ஓடாம போங்க."

ஞானதுரை ஊதினார். குச்சியைக் காட்டினார். பக்கத்தில் பொத்தான் இல்லாததால் கண் தீயிலேயே இருந்தது. காலையிலிருந்து இப்போதுதான் அது இறங்குவதை அவர் பார்த்தார்.

கால் பரபரத்தது. தீயை வைத்துக்கொண்டு நிதானமாக நடந்ததாக அவர் ஆயுளில் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அழுத்தினார்.

திரையில் குச்சி வந்தது. புகையின் உச்சியில் நீலமாக ஒரு பொட்டு பிறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிற குழந்தை மாதிரி, அது மெல்ல மெல்லப் புகையோடு இறங்கி வந்து திரியில் உட்கார்ந்தது.

பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. மூன்று பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஞானதுரைக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"என்ன கை, அண்ணே இது" என்றான் ஒருவன். "எப்படிப் பிடிச்சீங்க?"

அவர் நாச்சம்மை பக்கம் குனிந்தார். "மேடம், இவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"நடந்து போனேன்னு சொல்லுங்க, சார்."