தும்மலுக்கும் ஒரு வாணம்

குன்றாபுரி என்றொரு ராஜ்யம். ராஜ்யம் என்றால் நீங்கள் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலையில் நடக்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லையைத் தாண்டிவிடலாம். ராஜா பெயர் மட்டும் நீளம்: செண்டலங்கார பூபதி.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சியில் வேலாண்டி என்கிற வாணக்காரன் இருந்தான். எதிரி வந்தால் வாணம் விட வேண்டும். அது புகையைக் கக்கிக்கொண்டு மேலே போய் டமாரென்று வெடிக்கும். ஜனங்கள் தடியும் அரிவாளுமாக அரண்மனைக்கு ஓடி வருவார்கள். பாட்டன் காலத்து ஏற்பாடு.

நம் ராஜாவுக்கோ வாணம் என்றால் கொள்ளை ஆசை. எதிரி வருகிற வரைக்கும் காத்திருக்க முடியுமா? குளித்து முடித்தால் ஒரு வாணம் என்றார். பாயசம் நன்றாக அமைந்தால் ஒன்று. கடைசியில், தும்மினால்கூட ஒன்று. மாடியில் நிற்கும் காவலன் துணியை ஆட்டுவான், குன்றில் வாணம் வெடிக்கும், ஊரே இருந்த இடத்திலிருந்து "மகாராஜாவுக்கு நூறாயுசு!" என்று கத்தும். ராஜாவுக்குப் புல்லரிக்கும்.

ஒருநாள் நிஜமாகவே எதிரி வந்துவிட்டான். பக்கத்து நாட்டுக்காரன், நாற்பது குதிரையோடு வந்து, அரண்மனை மாந்தோப்பைச் சூறையாடி, பதினோரு ஜாடி மாவடுவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு ஆள்கூட உதவிக்கு வரவில்லை. மாவடு இல்லாத தயிர்சாதத்தைப் பார்த்து ராஜா கண்கலங்கிவிட்டார்.

சபை கூடி, வேலாண்டியை இழுத்து வந்ததும் தளபதி கச்சிராயர் முந்திக்கொண்டார். "எல்லாம் இந்த வேலாண்டியால வந்தது, மகாராஜா. தூங்கிட்டான். வாணமே விடலை. விட்டிருந்தா நானும் ஊரும் ஓடி வந்திருக்க மாட்டோமா?"

வேலாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "விட்டேன் சாமி! என் பொண்ணு மேல சத்தியமா விட்டேன்!"

"இவனை மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி நாட்டை விட்டுத் துரத்துங்கள்!" என்றார் ராஜா. அந்தப் பெண்ணுக்கு அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பாவம், மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எனக்கே வயிறு எரிகிறது.

சபையில் தோணியப்பர் என்று ஒருவர். வேலை, ராஜாவுக்கு யோசனை சொல்வது. ராஜா கேட்கிற நாளும் உண்டு, கேட்காத நாளும் உண்டு. அவர் எழுந்தார்.

"தளபதி சொல்றது நியாயம்தான் மகாராஜா. வாணம் விட்டா ஊர் ஓடி வரும்கிறார். இப்பவே ஒண்ணு விட்டுப் பார்ப்போமே. ஊர் வந்துட்டா, வேலாண்டியைத் துரத்திடலாம். கழுதை ஊர்வலத்துக்குக் கூட்டமும் ஆச்சு."

"பேஷ்! பேஷ்!" என்றார் தளபதி.

இரண்டு காவலர்கள் வேலாண்டியைக் குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். டமார்!

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து சத்தம் மட்டும் வந்தது: "மகாராஜாவுக்கு நூறாயுசு!"

தளபதிக்கு வேர்த்தது. "காதுல சரியா விழலை போல. இன்னொண்ணு விடச் சொல்லுங்க."

டமார்! "இருநூறாயுசு!" என்றது ஊர்.

"இன்னும் ஒரே ஒண்ணு!" என்று கெஞ்சினார் தளபதி. மூன்றாவதும் வெடித்தது. இந்தத் தடவை பதில் குரல் இல்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் தடதடவென்று காலடிச் சத்தம். ஊரே ஓடி வந்தது!

"பார்த்தீங்களா!" என்று தளபதி துள்ளினார். "வந்துட்டாங்க! வேலாண்டி பொய்யன்! கொண்டுவாங்க கழுதையை!"

வந்தவர்கள் கையில் தடியும் இல்லை, அரிவாளும் இல்லை. ஆளுக்கொரு செம்பு. செம்பு நிறைய ஆவி பறக்கும் மிளகுக் கஷாயம். எல்லோருக்கும் முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றது தளபதியின் சம்சாரம் கோமளம்மாள்.

"மூணு தும்மல் தும்மிட்டீங்களே மகாராஜா! ஜலதோஷம் முத்திப்போச்சோன்னு ஊரே பயந்துபோச்சு. இந்தாங்க, சூடா குடிங்க!"

தோணியப்பர் பணிவாகக் கேட்டார். "ஏனம்மா, மாவடு திருட்டுப் போன அன்னிக்கு வாணச் சத்தம் கேட்டுதா?"

"கேட்காம என்ன? எங்க வீட்டுக்காரர் மெத்தையில புரண்டு படுத்துக்கிட்டே நூறாயுசு சொன்னாரே!"

தளபதி தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே செம்போடு ஓர் ஆள் நின்றிருந்தார்.

ராஜா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மிளகு நெடி மூக்கில் ஏறிவிட்டது. "அச்ச்!" சபையே அதிரும்படி ஒரு நிஜத் தும்மல்.

மொத்தக் கூட்டமும் அண்ணாந்து குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தும்மினேனே!" என்றார் ராஜா, மனத்தாங்கலோடு. "யாரும் நூறாயுசு சொல்லவில்லையே?"

"இன்னும் வாணம் வரலீங்களே, மகாராஜா!" என்றார் கோமளம்மாள்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிரீடம் கழன்று மடியில் விழுகிற வரைக்கும் சிரித்தார். "இனிமேல் எதிரி வந்தால் மட்டும்தான் வாணம். வேலாண்டி பெண் கல்யாணம் அரண்மனைச் செலவு. தோணியப்பருக்கு, திருடன் கண்ணில் படாமல் பரணில் கிடந்து, நேற்றுத்தான் அகப்பட்ட பன்னிரண்டாவது ஜாடி மாவடு!"

"தளபதிக்கு, மகாராஜா?" என்று கேட்டார் தோணியப்பர்.

ராஜா கூட்டத்தைப் பார்த்தார். எப்படியும் முந்நூறு செம்பு இருக்கும்.

"ஊர் இவ்வளவு ஆசையாகக் கொண்டு வந்ததை வீணாக்கலாமா? வாரும் தளபதி, உட்காரும். அத்தனையையும் ஆறுவதற்குள் குடியும்!"