ராயரின் கூந்தலில் வேர் இல்லை

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைக்குன்று நாட்டைக் கேசரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். போருக்குப் பயப்படாதவன், பாம்புக்குப் பயப்படாதவன். கண்ணாடிக்கு மட்டும் பயப்படுவான். ஏனென்றால் அவன் உச்சந்தலையில் முடி கொட்டிக்கொண்டே வந்தது.

இது தெரிந்த ஒரே ஆள் அரண்மனை நாவிதன் மருதையன். தினமும் காலையில் ராஜாவின் காதோர முடியை எடுத்து எண்ணெய் தடவி, உச்சிக்கு மேலே ஏற்றி, வாரி ஒட்டிவிடுவான். ஆறு வருஷமாக மகாராணிக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வந்தான். ஒருவர் தலையில் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்பது அவன் தொழில் நேர்மை.

சவரம் செய்துகொள்ளும்போது ராஜா நாட்டு நடப்பெல்லாம் மருதையனிடம்தான் பேசுவான். அதைப் பார்த்து வயிறெரிந்தவர் அலங்கார மந்திரி திரிபுவன ராயர். இடுப்புவரை தொங்கும் கருகரு கூந்தல் அவருக்கு. அதைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தால் தரை அதிரும்.

ஒருநாள் சபை நிறைந்திருந்தது. அண்டை நாட்டுத் தூதர் வந்திருந்தார். வெக்கை தாங்கவில்லை. "பலமாக வீசுங்கள்!" என்று சாமரக்காரர்களுக்கு ராயர் ஜாடை காட்டினார். வீசினார்கள் பாருங்கள் ஒரு வீச்சு! ராஜாவின் உச்சிமுடி மொத்தமும் எழுந்து பக்கவாட்டில் சாய்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை பளபளவென்று மின்னியது.

தூதர் வாயைத் திறந்தவர் மூட மறந்துபோனார். தூணோரம் நின்ற மருதையன் சீப்பை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னே வந்தான்.

"ஐயையோ! இந்த மருதையன் கத்தி பட்ட இடமெல்லாம் பாழாப் போச்சே!" என்று ராயர் மார்பில் அடித்துக்கொண்டார். "அரசே, கைராசி கெட்டவனிடம் தலையைக் கொடுத்துவிட்டீர்களே! என் கூந்தலைப் பாருங்கள். நான் ஒருநாளும் இவனைத் தொடவிட்டதில்லை."

அவமானத்தில் ராஜாவுக்குக் கண் சிவந்தது. "அடே மருதையா! மூன்று நாளில் என் தலையில் முடி வரவேண்டும். வராவிட்டால் உன் வலது கை உனக்கில்லை."

ஆறு வருஷம் மானத்தைக் காத்த கை அது. அதைத்தான் ராஜா கேட்கிறான். அழக்கூட வரவில்லை மருதையனுக்கு. வீட்டுக்குப் போய்க் கத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். ராயர் சொன்ன சொல் மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. 'ஒருநாளும் தொடவிட்டதில்லை.' அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூந்தல் ஒரு விரற்கடை வளர்ந்ததில்லை. ஒரு நரை விழுந்ததில்லை. எந்தத் தலையில் அப்படி நடக்கும்?

மூன்றாம் நாள் சபைக்கு வந்து கும்பிட்டு நின்றான்.

"மகாராஜா, முடியும் நெல்லு மாதிரிதான். நாற்றுப் பறித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். நாட்டிலேயே செழிப்பான தலையிலிருந்து நாற்று வேணும்."

எல்லார் கண்ணும் ராயர் மேல் திரும்பியது.

"எங்கள் குலத்தில் ஆண்கள் முடி வெட்டுவதில்லை!" என்று ராயர் இரண்டடி பின்வாங்கினார்.

"வெட்ட வேண்டாம் சாமி. மாதிரிக்கு ஒரே ஒரு முடி. வேரோடு பறித்துத் தந்தால் போதும்."

"ஒரு முடிதானே ராயரே?" என்றான் ராஜா.

மறுக்க வழியில்லாமல் ராயர் தலையைக் குனிந்தார். மருதையன் சுண்டி இழுத்தான். ராயர் முகம் சுளிக்கவில்லை. முடியை ராஜாவிடம் நீட்டினான். "வேர் தெரிகிறதா மகாராஜா?"

"இல்லையே!"

இன்னொன்று இழுத்தான். அதிலும் வேரில்லை. பத்து முடியைச் சேர்த்து இழுத்தான். ராயர் வாயிலிருந்து ஒரு 'ஆ' கூட வரவில்லை.

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தான். இறங்கி வந்தான். "இதென்ன விந்தை, நானே பார்க்கிறேன்" என்று ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். கூந்தல் மொத்தமும் அவன் கையோடு வந்துவிட்டது!

சபையே துள்ளி எழுந்தது. சாமரம் கீழே விழுந்தது. ராயர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை. கையில் தொங்கும் சவுரியை ராஜா பார்த்தான், ராயரைப் பார்த்தான், மறுபடி சவுரியைப் பார்த்தான்.

"என்னைவிட மோசமாக இருக்கிறதே ஐயா உம் நிலைமை! இதற்கும் மருதையன் கத்திதான் காரணமா?"

ராயர் தரையைப் பார்த்தபடி, "இல்லை அரசே. அவன் தொட்டதே இல்லை" என்று முனகினார்.

"தலையில் முடியில்லாதது குற்றமில்லை. உம் பொய்யை நம்பி இவன் கையை வெட்டச் சொல்ல இருந்தேனே, அதை நினைத்தால்தான் எனக்கு ஈரல் நடுங்குகிறது." ராஜா அங்கேயே ஒரு மணையில் உட்கார்ந்தான். "மருதையா, மறைக்காதே. எனக்கு எது பொருந்துமோ அதைச் செய்."

மருதையன் ராஜாவின் தாடையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தான். ஏற்றி வாரிய முடியை வெட்டினான். பக்கங்களை ஒட்டக் கத்தரித்தான். மீசையை மட்டும் தடிமனாக விட்டு முறுக்கினான். நாட்டு ராஜாவின் முடி சபை நடுவே உதிர்வதைப் பார்த்துப் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு ஓடிவந்த மகாராணி வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டாள். பிறகு மெல்ல, "உங்களுக்கு இவ்வளவு அகலமான நெற்றியா? இத்தனை நாளா எங்கே வெச்சிருந்தீங்க?" என்றாள்.

ராஜா சிரித்த சிரிப்பில் தூதரும் சிரித்துவிட்டார். மருதையனுக்கு ஒரு கிராமமும், அலங்கார மந்திரி பதவியும் கிடைத்தன. ராயருக்கு ஒரே தண்டனை: சவுரியில்லாமல் தினமும் சபைக்கு வந்து, ராஜாவுக்குச் சவரம் நடக்கும்போது கண்ணாடி பிடிக்கவேண்டும்.

மறுநாள் விடியலில் மருதையன் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் சேனாதிபதி நிற்கிறார், தலையில் முக்காடு. அவருக்குப் பின்னால் பொக்கிஷ அதிகாரி. அவருக்கும் பின்னால் ராஜகுரு. மூவர் கையிலும் ஆளுக்கொரு துணிமூட்டை.

"மருதையா," என்றார் சேனாதிபதி குரலைத் தாழ்த்தி, "ராஜா இழுப்பதற்கு முன்னால் நாங்களே கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம்."