பதினோராவது பறவை

மழைக்காட்டு ஓரத்து விடுதியில் அன்னபாக்கியம் சமையல்காரி. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போக அவளுக்கு ஆசை. தகுதி இருக்கிறதா என்று சோதிக்க வந்தார் நிபுணர் சுதர்சனம். கழுத்தில் பைனாகுலர், தலையில் அதைவிடக் கனம்.

"நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இந்த டீ ஆறுறதுக்குள்ள பத்துப் பறவை வரணும். இல்லேன்னா அடுப்படிக்கே போயிடும்மா."

விருந்தாளிகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அன்னபாக்கியம் சமையற்கட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நாற்காலியைப் போட்டாள்.

"கண்ணால பார்க்கிறீங்களா சார், காதால கேட்கிறீங்களா?"

"எனக்குக் காதே போதும்!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மரத்தில் கச்சேரி தொடங்கியது. "குக்குறுவான்! மலை மைனா! பருந்து!" என்று அவர் விரல் மடக்க மடக்கப் பத்து விரலும் தீர்ந்துபோனது. அப்போது "விஸ்ஸ்ஸ்" என்று ஒரு குரல்.

சுதர்சனம் துள்ளினார். "இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பறவை! என் பேரைத்தான் வைக்கணும்!"

"கண்ணைத் திறங்க சார்."

கிளையில் நூல்போல இரண்டு வால் இறகு தொங்க ஒரே ஒரு கரிய பறவை.

"கரிச்சான்ங்க. தினமும் இங்கதான் உட்காரும். கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். உங்க பத்தும் இது ஒண்ணுதான்."

"அப்போ பதினொண்ணாவது?"

"நம்ம குக்கர் விசில் சார். உங்க பேரையே வெச்சிரலாமா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கரிச்சானே வாயடைத்துப் போனது.

மறுநாள் விடியலில் அன்னபாக்கியம் முன்னே நடக்க, விருந்தாளிகள் எல்லாரும் பின்னே போனார்கள். கடைசி ஆளாகச் சுதர்சனம் வந்தார், இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டு.