கட்டை பிடித்த நாண்

கேள்வி ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாதியிலேயே தீர்ப்புச் சொல்லும் அவசரக்காரர்கள் கொஞ்சம் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

செம்பாறை மலையில் சாமைக் கதிர் முற்றும் மாதத்தில் பன்றி வேட்டை உண்டு. காட்டுப்பன்றி ஒருமுறை இறங்கினால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு மண்ணாகிவிடும். அதனால் ஆணும் பெண்ணுமாக வில்லெடுத்து வரிசையில் நிற்பார்கள்.

வேட்டை நாள் காலையில் எல்லா வில்லும் ஒரு கல்லின்மேல் வைக்கப்படும். வேட்டைத் தலைவர் காளன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். அவர் கொடுத்தால்தான் அது வேட்டை வில். மாலையில் கறியை வெட்டி, பெயர் சொல்லிப் பங்கைக் கூவுவார். பெயர் கூவப்பட்டவர் அடுத்த ஆண்டும் வரிசையில் நிற்கலாம். பன்றியை மடக்கிய நாய்க்குக்கூடப் பெயர் சொல்லிப் பங்கு உண்டு. கிழவர்க்கும் நோயாளிக்கும் பெயரில்லாமல் 'வீட்டுப் பங்கு' போகும். அதில் கறி குறையாது. ஆனால் அதை வாங்கியவர் அடுத்த வேட்டைக்கு வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

வில்லுக்கு ஒரு விதி உண்டு: நாணைக் கைதான் பிடிக்க வேண்டும், கட்டை பிடிக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் சிலர் வில்லை வளைத்து, நாணைக் கட்டையில் மாட்டி, அதிலிருந்து ஒரு காட்டுக்கொடியைப் பாதையின் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். விறகுக்குப் போன ஒருத்தி கொடியில் கால் இடறி, அம்பு பாய்ந்து செத்தாள். அன்று வந்த விதி இது.

இனி மாதியைப் பற்றி. குறி தப்பாத கை அவளுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கரடி அவள் வலத் தோளைக் கிழித்துவிட்டது. கை தூக்க வரும். இழுத்த நாணைக் கண் இமைக்கும் நேரம்கூடப் பிடித்து நிறுத்த வராது. போன ஆண்டு அவளுக்கு வீட்டுப் பங்கு வந்தது. அந்தக் கறியை அவள் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். ஓராண்டு உட்கார்ந்து வில்லின் நடுவே ஒரு கட்டையைப் பொருத்தினாள். வில்லைக் காலால் உதைத்து, இடக்கையால் நாணை இழுத்துக் கட்டையின் வெட்டில் மாட்டுவாள். வெட்டுக்குக் கீழே செருகிய முளையைத் தட்டினால் நாண் விடுபட்டு அம்பு போகும். மறுபடி மாட்ட நெடுநேரம் ஆகும். ஆகவே அவளுக்கு வாய்ப்பது ஒரே அம்பு.

வேட்டைக் காலையில் அதைக் கல்லின்மேல் வைத்தாள். பக்கத்தில் நின்ற சென்னன், ஊரின் முதல் வில்லாளி, உடனே மறுத்தான்.

"இது ஆகாதுங்க பெரியப்பா. கட்டை பிடிக்குது பாருங்க."

"உன் விரல்ல தோலுறை போட்டிருக்கியே அண்ணா, அது மட்டும் கையா?" என்றாள் மாதி.

"தோலு விரல் கிழியாம இருக்க. பிடிக்கறது நான்தானே?"

காளன் சிரித்தார். "விடு சென்னா. பாவம், ஆசைக்கு வந்து நிக்கட்டும். அது எங்க பன்னி அடிக்கப் போகுது?" என்று வில்லைத் திருப்பிக் கொடுத்தார். மாதிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

உச்சி வேளையில் கொம்பன் பன்றி ஒன்று புதரைப் பிளந்துகொண்டு வந்தது. சென்னன் விட்ட அம்பு தோள் கொழுப்பில் செருகி நின்றது. பன்றி அவனை நோக்கித் திரும்பியது. அடுத்த அம்பை நாணில் வைப்பதற்குள் அவன் கால் சறுக்கி விழுந்தான். மாதி பத்தடி தூரத்தில் நின்று முளையைத் தட்டினாள். முன்னங்காலுக்குப் பின்னால் அம்பு இறங்கியது. பன்றி எழவில்லை.

தவறுவாள் என்று நினைத்திருந்த வரைக்கும் ஒருவருக்கும் விதி நினைவில்லை. தைத்துவிட்டாள் என்றதும் ஊருக்கே விதி நினைவு வந்துவிட்டது! "கட்டை அடிச்ச பன்னி" என்று முணுமுணுத்தார்கள்.

கொன்றவருக்கு உரியது பன்றித் தலை. காளன் அதை மாதியின் முன் வைத்தார். "தலை உனக்குத்தான் அம்மிணி. வீட்டுப் பங்குன்னு எடுத்துக்க. விதியும் கெடாது, உனக்கும் குறையாது."

சென்னன் குறுக்கே வந்தான். "காலைல நான் வேண்டாம்னேன். கொடுத்தது நீங்க. கொடுத்த பின்னால அது வேட்டை வில்லுதான். அவ பேரைக் கூவுங்க. அடுத்த வருசமும் காலைல நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், அது வேற."

மாதி தலையைத் தொடவில்லை. "நாய்க்குப் பேர் சொல்லிப் போடறீங்க. எனக்குப் பேர் இல்லீங்களா? சொல்ற வரைக்கும் இது இங்கயே கெடக்கட்டும்" என்று வில்லை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

தலையை எடுக்காமல் மற்ற பங்குகளை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். கறியில் ஈ மொய்த்தது. பிள்ளைகள் பசியில் அழுதன. அவள் அசையவில்லை.

தலையையே கொடுத்துச் சமாதானம் தேடினார் காளன். தான் மறுத்த வில்லுக்கே நியாயம் பேசினான் சென்னன். ஊரைப் பட்டினி போட்டு உட்கார்ந்தாள் மாதி. இப்போது சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: காளன் என்றால் தவறு. தவறிவிடுவாள் என்று நம்பித்தான் வில்லைக் கொடுத்தார். அதற்குப் பெயர் இரக்கம் அல்ல, இளக்காரம். சென்னன் நேர்மையானவன், அவனை எனக்குப் பிடிக்கும். ஆனால் விதி வந்தது ஆளில்லாத வில்லுக்கு. மாதியின் வில்லுக்குப் பின்னால் மாதி நின்றாள், ஒரே அம்போடு. மாதி செய்ததே சரி. பிள்ளைகள் பசித்தது அவளாலா, ஒரு பெயரைச் சொல்ல வாய் வராதவராலா? பொழுது சாய்கையில் காளன் எழுந்து, "மாதி பங்கு" என்றார். மாதி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "வரிசைக் கடைசி வரைக்கும் கேக்கலீங்க" என்றாள். அவர் மறுபடியும் கூவினார், மலைக்கே கேட்கும்படி.